உப்பு உரைத்த சான்று

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது தமிழர் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. உப்பின் இயல்பும் நம் மக்களுக்குப் புதிதன்று. உலையில் கொதிக்கும் நீர் ஆவியாய்ப் போய்விடுகிறது. உப்போ பானையின் அடியில் தங்கிவிடுகிறது. உப்பளத்துப் பாத்தியில் ஞாயிறு நீரைக் கவர்ந்து செல்கிறான். உப்பை நமக்கு விட்டுச் செல்கிறான். நீர் உப்பைக் கரைக்கும், ஆவி கரைக்காது என்பதே இவற்றிலிருந்து மக்கள் கண்ட முடிபு. பள்ளிப் பாடநூல்களும் திண்மம், நீர்மம், வளி என்று பொருளை மூன்று நிலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலியிட்டு வைத்திருக்கின்றன.

அந்த வேலி எங்கும் உறுதியானதா? நீருக்கும் ஆவிக்கும் இடையே வேற்றுமையே இல்லாது போகும் ஓர் எல்லை உண்டு என்றால், அவ்வெல்லைக்கு அப்பால் உப்பின் கதி என்ன? கரைந்தே நிற்குமா, கீழே விழுந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடை காண அறிஞர் பலர் இருநூறு ஆண்டுக் காலம் முயன்றனர். அம்முயற்சியின் வரலாறு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரத்தக்கது.

ஒலி கேட்டு அறிந்த உண்மை

1822ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டினரான சார்ல் கஞார் த லா தூர் என்பார் ஒரு சோதனை செய்தார். தடித்த துப்பாக்கிக் குழல் ஒன்றில் சாராயத்தை ஓரளவு ஊற்றி, உள்ளே சக்கிமுக்கிக் கல்லாலாகிய உருண்டை ஒன்றையும் இட்டு, இருமுனைகளையும் இறுக மூடினார். குழலைச் சூடாக்கி அப்படியும் இப்படியும் சாய்த்தார். உள்ளே நீர்மம் இருக்கும்வரை, உருண்டை அதனுள் விழும்போது ‘சளக்’ என்ற ஒலி எழுந்தது. சூடு ஓர் அளவைக் கடந்ததும் அவ்வொலி நின்றுவிட்டது. நீர்மத்தின் மேற்பரப்பு எங்கோ மறைந்துவிட்டது என்பதைக் கண்ணால் காணுமுன்னே காதால் கேட்டறிந்தார் அவர்.

பின்னர் அவர் கண்ணாடிக் குழாய்களைக் கையாண்டார். சாராயமும் ஈதரும் சூடேறச் சூடேற விரிந்து, ஒரு குறித்த வெப்பநிலையில் நீர்மப் பரப்பு மங்கி மறைவதை நேரிலேயே கண்டார். நீரைக் கொண்டு இதனைச் செய்வது எளிதாக இல்லை. அத்துணை வெப்பத்தில் நீர் கண்ணாடியையே அரித்து மங்கச் செய்தது. அவர் நீரில் சிறிதளவு சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து அந்த அரிப்பைக் குறைத்துக் கொண்டார். ஆக, நீரின் எல்லையைத் தேடிய முதல் சோதனையிலேயே ஓர் உப்பு உடன் சென்றது எனலாம். அவர் கண்ட அளவு ஏறத்தாழ 362 பாகை செல்சியஸ். தூய நீருக்கு இன்று ஏற்கப்பட்டுள்ள அளவு 374 பாகை. அழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 218 மடங்கு. அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு இத்துணை நெருங்கி வந்தது வியப்பிற்குரியதே.

பெயர் இல்லாத நிலை

கண்டுபிடித்தாகிவிட்டது; ஆனால் அந்நிலைக்குப் பெயர் இல்லை. மைக்கேல் பாரடே 1844இல் வில்லியம் ஹூவெல் என்ற பேரறிஞருக்கு மடல் எழுதி, இதற்குத் தக்க சொல் ஒன்று வேண்டினார். ‘அயனி’ என்று நாம் இன்று தமிழில் வழங்குவதன் மூலச் சொல்லை 1834இல் பாரடேக்கு ஆக்கித் தந்தவரும் இந்த ஹூவெல்லே. எனினும் இம்முறை அவர் தந்த சொல் நிலைபெறவில்லை. ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் 1860ஆம் ஆண்டளவில் இதனை ‘அறுதிக் கொதிநிலை’ என்ற பொருளில் அழைத்தார். இறுதியாக, பெல்பாஸ்டு நகரக் கல்லூரியின் பேராசிரியர் தாமஸ் ஆன்றூஸ் 1869இல் ஆற்றிய பேருரையில் வழங்கிய பெயரே நிலைத்தது. தமிழில் அதனை ‘மாறுநிலை’ என்கிறோம்.

ஆன்றூஸ் ஆராய்ந்தது கரியமில வாயு. 31 பாகைக்குக் கீழே அழுத்தினால் அது நீர்மமாகிறது. அதற்குமேல் எவ்வளவு அழுத்தினும் நீர்மமும் வளியுமாகப் பிரிந்து தோன்றுவதில்லை. இடையறாது அடர்ந்துகொண்டே செல்கிறது. ஆகவே நீர்மமும் வளியும் ஒரு நீண்ட தொடரின் இரு முனைகள் என்றார் ஆன்றூஸ். 1873இல் டச்சு நாட்டு வான் டெர் வால்ஸ், லெய்டன் பல்கலைக் கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் இதற்குக் கணித வடிவம் தந்தார். இளமையில் தொடக்கப் பள்ளி ஆசிரியராய்ப் பணியாற்றி, தாமே முயன்று கற்று உயர்ந்த அவருக்கு 1910இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சாட்சிக் கூண்டில் உப்பு

ஆன்றூஸின் கொள்கையை எல்லாரும் ஏற்றுவிடவில்லை. மாறுநிலைக்கு மேல் இருப்பது வெறும் வளியே என்றனர் சிலர். நீர்மமும் வளியும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கின்றன என்றனர் வேறு சிலர். இதனைத் தீர்ப்பது எப்படி?

ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் ஹான்னே, ஜேம்ஸ் ஹோகார்த் என்ற இருவருக்கு ஓர் அழகிய வழி தோன்றியது. வளி, உப்பைக் கரைக்காது என்பது உலகறிந்த செய்தி. அப்படியானால் உப்பைக் கரைத்த சாராயத்தை மாறுநிலை கடக்கச் சூடாக்கினால் என்ன நிகழும்? நீர்மம் உண்மையிலேயே வளியாக மாறிவிட்டால், தாங்குவாரின்றி உப்பு கீழே விழ வேண்டும். விழாவிட்டால், ‘வளி’ என்று நாம் பெயரிட்ட பொருளுக்கு நீர்மத்தின் ஆற்றல் எஞ்சியிருக்கிறது என்று பொருள். வழக்கு மன்றத்தில் இரு தரப்பையும் சாராத சாட்சியை அழைப்பதுபோல், அவர்கள் உப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினர்.

1879இல் இலண்டன் ராயல் சங்கத்திற்கு அவர்கள் தம் முடிபுகளை எழுதியனுப்பினர். பொட்டாசியம் அயோடைடு, கோபால்ட் குளோரைடு முதலிய உப்புகள் சாராயத்தில் கரைந்த நிலையிலேயே மாறுநிலையைக் கடந்தன, விழவில்லை. கோபால்ட் உப்பு நிறமுடையது. நீர்மப் பரப்பு மறைந்த பின்னும் அந்நிறம் குழாய் முழுவதும் பரவி நின்றது. உப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்நிறமே காட்டிக் கொடுத்தது. இன்னும் ஒரு வியப்பு: அழுத்தத்தைச் சட்டெனக் குறைத்தபோது உப்பு பனித்தூள் போல உதிர்ந்தது, சில வேளைகளில் கண்ணாடியின்மேல் உறைபனிபோலப் படிந்தது. மீண்டும் அழுத்தியதும் கரைந்து மறைந்தது. கரைக்கும் ஆற்றல் நீர்மம் என்ற பெயரில் இல்லை; மூலக்கூறுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்ற அடர்த்தியில் இருக்கிறது என்பதை இச்சோதனை விளக்கிற்று.

மறுப்பும் எழுந்தது. பிற்காலத்தில் ஆர்கான் முதலிய அரிய வளிகளைக் கண்டு 1904இல் நோபெல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே, இதில் புதுமை ஒன்றுமில்லை, சூடான நீர்மத்தில் திண்மம் கரைவதே இது என்று வாதிட்டார். காலம் ஹான்னே, ஹோகார்த் பக்கமே தீர்ப்பளித்தது.

அதே ஹான்னே 1880இல் செயற்கை வைரம் செய்துவிட்டதாகவும் அறிவித்தார். வளியில் திண்மம் கரையுமானால் கரியையும் கரைத்துப் படியச் செய்யலாம் என்பது அவர் எண்ணம். இரும்புக் குழாய்கள் பல வெடித்துச் சிதறின. அவர் தந்த துகள்களில் பெரும்பாலானவை வைரமே என்று 1943இல் கண்டனர். ஆனால் அவை இயற்கை வைரங்கள் என்று 1975இல் செய்த ஆய்வு காட்டிற்று. அவை எவ்வாறு அங்கே வந்தன என்பது ஒருபுறம் இருக்க, ஒருவருடைய ஒரு கூற்று தவறு என்பதால் அவருடைய மற்றைக் கூற்றையும் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வைரம் பொய்த்தது, உப்பு பொய்க்கவில்லை.

உப்பு செய்யும் மாற்றங்கள்

மாறுநிலையைக் கடந்த பாய்மத்தில் உப்பு கரைந்து கிடப்பதோடு அமைவதில்லை. அப்பாய்மத்தின் இயல்புகளையே மாற்றிவிடுகிறது.

முதலாவது, மாறுநிலையே உயர்ந்துவிடுகிறது. உப்பிட்ட நீர் 100 பாகையில் கொதிக்காமல் சற்று உயர்ந்த வெப்பநிலையில் கொதிப்பதை மாணவர் அறிவர். அதன் நெடுந்தொலைத் தொடர்ச்சியே இது. தூய நீருக்கு 374 பாகை. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல் நீருக்கோ 407 பாகை. அழுத்தமும் 218 மடங்கிலிருந்து 294 மடங்குவரை ஏறிவிடுகிறது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிஷாஃப், ரோசன்பவர் ஆகிய இருவரும் 1980களில் அளந்து கண்ட உண்மை இது. ஆகவே 390 பாகையில் தூய நீரை நீர்மம், ஆவி என்று இரு கூறாகப் பிரிக்க எவராலும் இயலாது. உப்பு நீரோ தக்க அழுத்தத்தில் அப்போதும் இரண்டாகப் பிரியும்.

இரண்டாவது, நீரின் கரைக்கும் திறனே அங்கே தலைகீழாகிறது. அறை வெப்பநிலையில் நீரின் மின்காப்பு மாறிலி 78 அளவில் உள்ளது. எதிரெதிர் மின்னேற்றமுள்ள அயனிகளை விலக்கி வைக்கும் வலிமை நீருக்கு இதனால் வருகிறது. மாறுநிலையில் நீரின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைய, இம்மாறிலியும் 5 அல்லது 6 என்ற அளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. அப்போது நீர் எண்ணெய்போல் நடக்கத் தொடங்குகிறது. எண்ணெயை ஏற்கிறது, உப்பை வெறுக்கிறது. 250 மடங்கு காற்றழுத்தத்தை அடுத்த நிலையில், 300 பாகையில் நூற்றுக்கு 37 பங்கு சமையலுப்பை ஏற்கும் நீர், 550 பாகையில் பத்து இலட்சத்தில் 120 பங்கையே ஏற்கிறது.

மூன்றாவது, மின்கடத்துதிறன். அமெரிக்கப் பேராசிரியர் ஆர்தர் நாய்ஸ் 1907இல் வெளியிட்ட அளவீடுகள் 306 பாகைவரை சென்றன. 1954இல் ஃபோகோ, பென்சன், கோப்லண்டு ஆகியோர் மாறுநிலை கடந்த உப்புக் கரைசலின் மின்கடத்துதிறனையே அளந்து வெளியிட்டனர். 1956இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்கு பொட்டாசியம் குளோரைடைக் கொண்டு இதனை விரிவாக ஆராய்ந்தார். அழுத்தி அடர்த்தியைக் கூட்டினால் அயனிகள் பிரிந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன. அடர்த்தி குறைந்தால் நேர் அயனியும் எதிர் அயனியும் இணைந்து இரட்டையராகி, மின்சாரத்தைச் சுமக்க மறுக்கின்றன.

நான்காவது மாற்றம் நம்புதற்கரியது. ஒரு குவளை நீரில் உப்பைப் போட்டால் அதன் கன அளவு சிறிதேனும் கூடும் என்றே எவரும் எண்ணுவர். மாறுநிலையை ஒட்டிய நீரில் சிறிது உப்பைச் சேர்த்தாலோ கன அளவு சுருங்குகிறது. அதுவும் உப்பின் அளவுக்குப் பன்மடங்கு சுருங்குகிறது. ஒவ்வோர் அயனியும் தன்னைச் சுற்றித் தளர்ந்து கிடக்கும் நீர் மூலக்கூறுகளை இழுத்துக் கூட்டிக்கொள்வதே இதற்குக் காரணம். மாறுநிலையை நெருங்க நெருங்க இச்சுருக்கம் எல்லையின்றிப் பெருகும் என்பதைக் கோட்பாட்டு முறையில் தெளிவாக்கியவருள் யோகன்னா லெவெல்ட் செங்கர்ஸ் என்ற டச்சு நாட்டுப் பெண் அறிஞர் குறிப்பிடத்தக்கவர்.

எல்லா உப்பும் ஒரே வகையாய் நடப்பதில்லை என்பதும் நினைவிற்குரியது. சமையலுப்பு, மாறுநிலையை அடுத்து அடர்ந்த உப்புநீராகப் பிரிந்து நிற்கும். சோடியம் சல்பேட்டோ நீர் மாறுநிலையை எட்டுமுன்பே கரைதிறன் குன்றி, திண்மமாகவே உதிர்ந்துவிடும். ஹான்னேயின் சாராயக் குழாயில் உப்பு விழாது நின்றது. நீரில் இவ்வுப்பு விழுகிறது. கரைக்கும் பொருள், கரையும் பொருள், அடர்த்தி ஆகிய மூன்றையும் சேர்த்தே தீர்ப்புக் கூற வேண்டும்.

ஒரே அறிஞர், இரு பணிகள்

1962இல் சமையலுப்பும் நீரும் சேர்ந்த அமைப்பைப் பற்றி ஒரு பெருங்கட்டுரை வெளிவந்தது. 374 பாகைக்கு மேலே, ஏறத்தாழ 700 பாகைவரை, எந்த அழுத்தத்தில் உப்புநீரும் ஆவியும் பிரிகின்றன, எங்கே ஒன்றாகின்றன என்பதை அது அளந்து காட்டிற்று. நிலவியலார் நெடுங்காலம் அதனையே அளவுகோலாகக் கொண்டனர். அதனை எழுதியவர் இருவர். ஒருவர் ஜார்ஜ் கென்னடி. மற்றவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற சீனிவாச சௌரிராஜன்.

இந்தச் சௌரிராஜனே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில் சிட்னி லோப் என்பவருடன் சேர்ந்து, அழுத்தத்தால் உப்பைப் பிரித்துக் கடல் நீரை நன்னீராக்கும் மெல்லிய சவ்வை உருவாக்கியவர். சிங்கப்பூரில் 2003 முதல் பயன்படும் ‘நியூவாட்டர்’ நீருக்கும், 2005இல் துவாசில் தொடங்கிய கடல்நீர் நன்னீராக்கும் ஆலைக்கும் அடிப்படை, அச்சவ்வு வழியாக வந்த முறையே. நெருப்பின் வாயிலில் உப்புநீரை அளந்த கையே தாகம் தீர்க்கும் வழியையும் காட்டிற்று என்பது நினைத்து மகிழத்தக்கது.

ஆழ்கடல் அடுப்புகள்

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்திகள் என்று எண்ணிவிடலாகாது. 1979இல் ‘ஆல்வின்’ என்ற நீர்மூழ்கி, கிழக்குப் பசிபிக் கடலடித் தொடரில் கரும்புகை கக்கும் கல் தூண்களைக் கண்டது. அங்கே 350 பாகையளவு சூடான நீர் பீறிட்டு வந்தது. அத்தகைய ஊற்றுகளை மேலும் ஆராய்ந்தபோது ஒரு புதிர் எழுந்தது. ஊறிவரும் நீர் கடல் நீரே. ஆனால் சில ஊற்றுகளில் உப்பு கடலைவிட மிகக் குறைவு, சிலவற்றில் மிகக் கூடுதல்!

விடையை உப்பே வைத்திருந்தது. கடலடிப் பாறை இடுக்குகளில் இறங்கும் நீர், கடல் நீரின் மாறுநிலைக்குக் கீழான அழுத்தத்தில் சூடேறினால் கொதித்து, உப்புக் குறைந்த ஆவி பிரிகிறது. மாறுநிலைக்கு மேலான அழுத்தத்தில் சூடேறினாலோ, பாய்மம் முழுவதிலுமிருந்து அடர்ந்த உப்புநீர்த் துளிகள் திரண்டு பிரிகின்றன. இலேசான பகுதி முன்னே வெளியேற, கனத்த உப்புநீர் பின்தங்கிப் பின்னொரு நாள் வருகிறது. அட்லாண்டிக் கடலில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 5 பாகையில், ஏறத்தாழ 3000 மீட்டர் ஆழத்தில் 407 பாகை வெப்பமுடைய ஊற்றை ஆய்வாளர் கண்டு 2008இல் அறிவித்தனர். கடல் நீரின் மாறுநிலைக்கு ஆய்வுக்கூடம் கூறிய அதே எண்!

கொதிகலனில் விழும் பனி

ஹான்னேயும் ஹோகார்த்தும் கண்ட உப்புப் பனி, இன்று மின்நிலையங்களில் அச்சத்தோடு நோக்கப்படுகிறது. மாறுநிலை கடந்த நீரால் சுழலி ஓட்டும் முதல் வணிக மின்நிலையப் பிரிவு 1957இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பைலோவில் இயங்கத் தொடங்கியது. மலேசியாவில் பேராக் மாநிலத்து மஞ்சோங்கில் 1000 மெகாவாட் அளவுடைய அத்தகைய பிரிவு ஒன்று 2015இல் பணிக்கு வந்தது. பழைய கொதிகலனில் நீரும் ஆவியும் ஓர் உருளையில் பிரியும். உப்பு நீரிலேயே தங்கும். அவ்வப்போது அந்நீரை வெளியேற்றலாம். மாறுநிலை கடந்த கலனில் பிரிவதற்கு இரண்டு இல்லை. ஆதலால் உள்ளே சென்ற உப்பு உடன் சென்றே தீரும். சுழலியில் அழுத்தம் குறையக் குறைய, உப்பு பனியாய் உதிர்ந்து அலகுகளில் படிந்து அரிக்கிறது. ஆகவேதான் அங்கே ஊட்டும் நீரில் உப்பை நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு அகற்றிவிடுகின்றனர்.

நச்சுக் கழிவுகளை மாறுநிலை கடந்த நீரில் எரித்து அழிக்க 1980இல் மைக்கேல் மோடல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அந்நீரில் கரிமப் பொருள்கள் ஆக்சிசனோடு கலந்து சில நொடிகளில் எரிந்துபோகின்றன. இத்துணை நல்ல முறை ஊர்தோறும் பரவாமைக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று உப்பு. கழிவிலுள்ள குளோரின் முதலியன உப்பாகிக் குழாயை அடைக்கின்றன, உலோகத்தை அரிக்கின்றன. வைரம் செய்ய முயன்றவரின் குழாய்கள் வெடித்தன. கழிவு எரிக்க முயன்றவரின் குழாய்கள் அடைபட்டன. இயல்பை முற்றும் அறியாமல் இயற்கையை ஏவல் கொள்ள இயலாது.

பொருளின் மூன்று நிலைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரைவது தவறன்று. தொடக்கத்திற்கு அது வேண்டுவதே. நீர்மத்திற்கும் வளிக்கும் இடையே உள்ள கோட்டை மட்டும் ஓரிடத்தில் முடித்துவிட்டு, அதற்கப்பால் வெற்றிடமாக விட்டுவைத்தல் நன்று. அக்கோடு ஏன் முடிகிறது என்று ஒரு மாணவன் கேட்பான். அவனுக்குத் துப்பாக்கிக் குழலில் உருண்ட கல்லின் கதையைச் சொல்லலாம். பரப்பு மறைந்த பின்னும் நிறம் மாறாது நின்ற உப்பின் கதையையும் சொல்லலாம். பானையின் அடியில் வெள்ளையாய்த் தங்கும் அந்த எளிய பொருள், அதன்பின் அவன் கண்ணுக்கு எளியதாய்த் தோன்றாது.